அப்பா பெயருக்கு வந்த வாடகை நோட்டீஸ்: கோயில் மனையில் வீடு வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய கணக்கு

வீடு திருக்கடையூரில், வேலை சென்னையிலோ கோவையிலோ. உங்கள் கதை இதுதான் என்றால் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்திருக்கலாம். இல்லையென்றால் சீக்கிரம் வரலாம். மடிப்பு விழுந்த ஒரு தாள். மேலே கோயில் பெயர், நடுவில் "நியாய வாடகை", "நிலுவை", "பசலி" என்று சில சொற்கள், கடைசியில் ஒரு தொகை. கூடவே அம்மாவின் வாய்ஸ் மெசேஜ்: "என்னன்னு பாருப்பா, ஒண்ணும் புரியல."

புரியாதது அம்மாவின் தப்பு இல்லை. அந்தத் தாளில் தொகை இருக்கும், கணக்கு இருக்காது. கரண்ட் பில்லில் எத்தனை யூனிட், எந்த ஸ்லாப், என்ன ரேட் என்று போட்டுக் கொடுக்கிறார்கள். செல்போன் பில்லில்கூடப் பிரித்துக் காட்டுகிறார்கள். மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் படுத்து எழுந்த தரைக்கான பில்லில் மட்டும் ஒற்றை வரி போதும் என்று எப்படி முடிவு செய்தோம்? இந்தக் கட்டுரையின் கேள்வியே அதுதான்.

அடிமனைன்னா என்ன?

டெல்டாவில் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்களில், பல வீடுகள் நிற்கிற தரை வீட்டுக்காரருக்குச் சொந்தம் கிடையாது. சன்னதித் தெரு, மடவிளாகம், தேரோடும் வீதி என்று கோயிலை ஒட்டிய இடங்களில் மனை பெரும்பாலும் கோயிலுக்கோ மடத்துக்கோ உரியது. அதன்மேல் சுவர் எழுப்பி ஓடு போட்டது உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ. தரைக்கு மட்டும் கோயிலுக்கு வாடகை, கட்டடம் குடியிருப்பவருடையது. இதைத்தான் அடிமனை என்கிறார்கள்.

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் - அபிராமி கோயில் தருமபுரம் ஆதீனத்துக்கு உட்பட்டது. ஆதீனக் கோயிலாக இருந்தாலும், அறநிலையத் துறையின் செயல் அலுவலர் பார்க்கிற கோயிலாக இருந்தாலும் மனை வாடகைக்கான சட்டம் ஒன்றுதான்: 1959-ம் ஆண்டு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம்.

லண்டனிலோ சிங்கப்பூரிலோ வசதி குறைந்தவர்களுக்கான வாடகை வீடு என்றால் அரசோ உள்ளாட்சியோ கட்டிக் கொடுத்த அடுக்குமாடி. நம் ஊரில் அதற்கு இணை, வாரிய வீடு. ஆனால் 1970-ல் குடிசை மாற்று வாரியம் வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே பூ கட்டுகிறவர், மேளக்காரர், மடப்பள்ளி ஆள், பாத்திரம் துலக்குகிறவர் என்று கோயிலை நம்பி இருந்தவர்களுக்குக் குறைந்த வாடகையில் தங்க இடம் கொடுத்தது கோயில் மனைதான். டெல்டாவின் பழைய சமூக வீட்டு வசதி இது என்றுதான் நான் சொல்வேன். (இப்படிச் சொன்னால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வருவார்கள். பரவாயில்லை.)

தொகை எங்கிருந்து வருகிறது?

2003-ல் அந்தச் சட்டத்தில் 34-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மண்டல இணை ஆணையர், கோயிலின் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளர் ஆகியோர் கொண்ட குழு வாடகையை நிர்ணயிக்கும். சந்தை நிலவரத்தைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி நிர்ணயிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. குடியிருப்பவர்கள் சார்பில் அந்தக் குழுவில் யாரும் கிடையாது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பல வருடங்களாக அரசாணைகள் வழியே புழக்கத்தில் இருக்கிற சூத்திரம் எளிமையானது. குடியிருப்பு மனை என்றால் மனை மதிப்பில் மாதத்துக்கு 0.1 சதவீதம். வணிகப் பயன்பாடு என்றால் 0.3 சதவீதம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,000 சதுர அடி மனை. சதுர அடிக்கு 400 ரூபாய் மதிப்பு என்றால் மனை மதிப்பு 4 லட்சம். அதில் 0.1 சதவீதம் மாதம் 400 ரூபாய். அதே மனைக்கு மதிப்பு சதுர அடிக்கு 1,200 ரூபாய் என்றால் வாடகை மாதம் 1,200. வீடு மாறவில்லை, ஓடு மாறவில்லை, குடியிருப்பவரின் வருமானமும் மாறவில்லை. மதிப்பு என்ற ஒரே எண் மாறியது, வாடகை மூன்று மடங்காகிவிட்டது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பிலிருந்து. அது தெருவுக்கு அல்லது சர்வே எண்ணுக்கு ஒரு மதிப்பு என்று போடப்படுகிறது. 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கே கொண்டுபோனார்கள், 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். ஆக, எந்தத் தேதியில் இருந்த மதிப்பை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் வாடகை கணிசமாக மாறிவிடும். நோட்டீஸில் அந்தத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

திருக்கடையூர் மாதிரி ஊருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அறுபதாம் கல்யாணம், எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிற ஊர். வருகிறவர்கள் தங்க லாட்ஜ் வேண்டும், சாப்பாடு போட மண்டபம் வேண்டும், மாலை வேண்டும், வீடியோ எடுக்க ஆள் வேண்டும். அதனால் கோயிலை ஒட்டிய தரைக்குக் கிராக்கி ஏறுகிறது. தெருவுக்கு ஒரு மதிப்பு என்று போடும்போது, அந்தத் தெருவில் ஏசி ரூம் வைத்து விடுகிறவருக்கும், பக்கத்திலேயே ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிற கிழவிக்கும் சதுர அடி மதிப்பு ஒன்றாகிவிடுகிறது. அவருக்கு 0.3, இவருக்கு 0.1 என்ற வித்தியாசம் இருக்கிறது, சரி. ஆனால் கிராக்கியால் அவருக்கு வருமானம் வருகிறது. இவருக்கு வருவது நோட்டீஸ் மட்டும்.

"1,200 ரூபாய் எல்லாம் ஒரு வாடகையா?" என்று நீங்கள் கேட்கலாம். வேளச்சேரியில் ஒரு அறைக்கு நீங்கள் கொடுக்கிறதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லைதான். ஆனால் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் எவ்வளவு தெரியுமா? 1,000 ரூபாயாக இருந்தது, 2023-ல் 1,200 ஆனது. மேலே நாம் போட்ட கற்பனைக் கணக்கின் வாடகையும் அதே 1,200. நூறு நாள் வேலையில் 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். மாதத்தில் நாலு நாள் கூலி தரைக்கே போகும். சுவர், ஓடு, கரண்ட், வீட்டு வரி எல்லாம் அதற்கு மேல்.

சிங்கப்பூரில் வேறு மாதிரி யோசித்தார்கள். அங்கே வீவக வாடகை வீட்டில் இருக்கிற குடும்பத்துக்கு வாடகை பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. பக்கத்தில் எம்ஆர்டி ஸ்டேஷன் வந்து நில மதிப்பு ஏறியது என்பதற்காக மாத வருமானம் இல்லாத ஒரு தாத்தாவின் வாடகை மூன்று மடங்காகாது. மண்ணின் விலையை வைத்து வாடகை போடுவதா, மனுஷனின் வருமானத்தை வைத்துப் போடுவதா என்ற கேள்வியை நாம் இங்கே கேட்டதே இல்லை.

முன் அறையில் பெட்டிக்கடை

இது நிறைய பேர் ஏமாறுகிற இடம். வீட்டு முன் திண்ணையில் பூ, தேங்காய், அர்ச்சனைத் தட்டு வைத்து வியாபாரம். 1,000 சதுர அடியில் கடை வெறும் 150 சதுர அடி. மொத்த மனையையும் "வணிகம்" என்று எழுதிவிட்டால், 1,200 ரூபாய் மதிப்பில் மாத வாடகை 3,600. பிரித்துப் போட்டால்? குடியிருப்பு 850 சதுர அடிக்கு 1,020 ரூபாய், கடை 150 சதுர அடிக்கு 540 ரூபாய், ஆக மொத்தம் 1,560. வித்தியாசம் மாதம் 2,040 ரூபாய்.

பிரித்துப் போடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி அளவு போட்ட ஒரு வரைபடம், இரண்டு போட்டோ, பஞ்சாயத்து வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது அலுவலக வாசலிலேயே நின்றுவிடும்.

நிலுவை என்கிற பூதம்

மாத வாடகையைப் பார்த்து யாரும் அழுவதில்லை. அழ வைப்பது நிலுவை.

கோயில் அலுவலகத்தில் "கேட்பு, வசூல், நிலுவை" என்று ஒரு பதிவேடு உண்டு. ஒரு பசலியில் எவ்வளவு கேட்க வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று மனை மனையாக எழுதியிருக்கும். பசலி என்பது ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிற கணக்கு ஆண்டு. ஆங்கில வருடத்திலிருந்து 590-ஐக் கழித்தால் வரும். அதாவது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. நோட்டீஸில் "பசலி 1428 முதல்" என்று இருந்தால் 2018 ஜூலையிலிருந்து கேட்கிறார்கள் என்று அர்த்தம். (இதைக் கண்டுபிடிக்கவே பல வீடுகளில் ஊர்க் கணக்குப்பிள்ளை தலைமுறை ஆள் ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது.)

இனி ஒரு கணக்கு. அப்பா இத்தனை வருடமும் மாதம் 60 ரூபாய் ஒழுங்காகக் கட்டி ரசீது வாங்கி வைத்திருக்கிறார். இப்போது வாடகை 1,200 என்று நிர்ணயித்து, ஆறு வருடம் முன்தேதியிட்டு அமல் என்கிறார்கள். மாத வித்தியாசம் 1,140. அதை 72 மாதத்தால் பெருக்கினால் 82,080 ரூபாய். ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்காத ஆள் ஒரே நாளில் 82,080 ரூபாய் "நிலுவைதாரர்".

கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. ஆறு வருடத்துக்கு முந்தைய மாதங்களுக்கு, அன்றைக்கு இருந்த மனை மதிப்பைப் போட்டார்களா, இன்றைய மதிப்பைப் பின்னோக்கிப் போட்டார்களா? 15 சதவீத உயர்வை எந்த மாதத்திலிருந்து, எத்தனை முறை சேர்த்தார்கள்? மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் கூட்டு உயர்வில் 24 வருடத்தில் வாடகை மூன்று மடங்கைத் தாண்டிவிடும். தொடக்க வாடகை தப்பாக இருந்தால் அந்தத் தப்பும் கூடவே மூன்று மடங்காகும்.

கட்டவில்லை என்றால் என்ன ஆகும்? குத்தகையை ரத்து செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. ரத்தான பிறகும் அங்கேயே இருந்தால், பிரிவு 78-ன்படி நீங்கள் வாடகைதாரர் கிடையாது, ஆக்கிரமிப்பாளர். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் பல பெரியவர்கள் நகையை அடகு வைத்தாவது, கேள்வியே கேட்காமல் கட்டிவிடுகிறார்கள். தாத்தா பெயரிலேயே ரசீது ஓடிக்கொண்டிருக்கிற வீடுகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வாரிசு பெயருக்கு மாற்றாமல் இருந்தால், அலுவலகப் பதிவேட்டில் வாடகைதாரர் இறந்து போனவர், வீட்டில் இருப்பது யாரோ. பெயர் மாற்றம் கேட்டால் திரும்பத் தராத நன்கொடை என்று ஒரு தொகை கேட்பதும் நடைமுறையில் உண்டு. அதற்கும் என்ன கணக்கு என்று கேட்டு, ரசீது வாங்காமல் கட்டாதீர்கள்.

பராமரிப்பு யார் பொறுப்பு?

அடிமனை வாடகையில் பராமரிப்பு என்று ஒன்றுமே கிடையாது. கூரை ஒழுகினால் நீங்கள்தான் பார்க்கணும். சாக்கடைக்கும் தெரு விளக்குக்கும் பஞ்சாயத்து. வீட்டு வரி, தண்ணீர் வரி நீங்கள் கட்டுவது. கோயில் கொடுப்பது தரை மட்டும். அதனால் நோட்டீஸில் வாடகையைத் தவிர வேறு ஏதாவது தலைப்பில் தொகை இருந்தால், அது எந்த உத்தரவின்படி என்று தாராளமாகக் கேட்கலாம்.

வாரிய வீடுகளில் கதை வேறு. குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அங்கே லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாவற்றுக்கும் மாதப் பராமரிப்புத் தொகை உண்டு. "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் அமைத்து வசூலித்தால் அரசும் இணையான தொகை தரும் என்று அறிவித்தார்கள். அங்கேயும் சண்டை இதேதான்: கட்டுகிறோம், ஆனால் லிஃப்ட் ஓடலை, அப்போ காசு எங்கே போகுது?

இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்கு 1985-ம் ஆண்டின் வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. செலவைப் பொறுத்து மாறுகிற சேவைக் கட்டணத்தைக் கட்டுகிறவர், அந்தச் செலவு விவரத்தை எழுத்தில் கேட்டால் உரிமையாளர் கொடுத்தாக வேண்டும். நம் 34-ஏ பிரிவில் உத்தரவை வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அரசு செய்ய வேண்டியது பெரிய புரட்சியெல்லாம் இல்லை. மனை அளவு, சதுர அடி மதிப்பு, மதிப்பின் தேதி, சதவீதம், அமலுக்கு வரும் தேதி, இதுவரை வரவு வைத்த தொகை ஆகியவை இல்லாத நோட்டீஸ் செல்லாது என்று ஒரு விதி போட்டால் போதும். அரைப் பக்கத் தாள் அது.

அப்போ கோயில் சும்மா கொடுக்கணுமா?

இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கோயிலுக்கு வாடகை வரணும். ஓதுவாருக்கும் அர்ச்சகருக்கும் சம்பளம், விளக்குக்கு எண்ணெய், மதில் சுவருக்குப் பழுது பார்ப்பு எல்லாம் இந்த வருமானத்தில்தான். கோயில் மனையை ஐம்பது, நூறுக்கு வைத்துக்கொண்டு, அதை உள்வாடகைக்கு ஆயிரக்கணக்கில் விட்டுச் சம்பாதிப்பவர்கள் டெல்டாவில் இல்லாமல் இல்லை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்கள் குறித்து 75 வழிகாட்டுதல்களைக் கொடுத்தபோது, சொத்து, வாடகை விஷயமும் அதில் முக்கியமாக இருந்தது. காரணம் இருக்கிறது.

ஆனால் உள்வாடகை லாட்ஜ்காரரையும் பூக்காரம்மாவையும் ஒரே வலையில் பிடிக்கும்போது யார் தப்பிக்கிறார்கள் என்று பாருங்கள். லாட்ஜ்காரருக்கு வக்கீல் இருக்கிறார், வழக்கு வருடக்கணக்கில் ஓடும். பூக்காரம்மா அடுத்த வாரமே பணத்தோடு வந்து நிற்பார்.

"பேசாமல் பட்டா கொடுத்துடலாமே" என்பது தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிற குரல். 2019-ல் கோயில் நிலத்தில் நீண்ட நாளாகக் குடியிருப்பவர்களுக்காக அரசு ஓர் அரசாணை போட்டது, அதை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கோயில் மனையை விற்க வேண்டும் என்றால், கோயிலுக்கு அது அவசியம் அல்லது நன்மை என்று ஆணையர் அனுமதி தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 34-வது பிரிவு. அதனால் பட்டா வரும் என்று சொல்லி யாராவது உங்கள் அப்பாவிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், குடியிருப்பு வாடகையைக் குடும்ப நிலையோடு இணைப்பதுதான் உடனே செய்யக்கூடியது. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர், சொந்த உபயோகத்துக்கு மட்டும் வீட்டை வைத்திருக்கிறவர் என்றால் தனி உச்சவரம்பு. யார் உதவித்தொகை வாங்குகிறார்கள் என்ற பட்டியல் ஏற்கெனவே தாலுகா ஆபீஸில் இருக்கிறது. அதனால் கோயிலுக்குக் குறைகிற தொகையை, அதே தெருவின் வணிக மனைகளில் ஒழுங்காக 0.3 வசூலித்தே ஈடுகட்ட முடியும்.

நோட்டீஸ் கையில் இருந்தால்

உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளைக்குள் அறநிலையத் துறை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் சரிவரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு. ஆனால் இங்கே ஒரு கொக்கி: நிர்ணயித்த வாடகையைக் கட்டியதற்கான சான்று இல்லாமல் மேல்முறையீட்டையே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதாவது, அதிகம் என்று புகார் சொல்ல, முதலில் அந்த அதிகத்தைக் கட்ட வேண்டும். பணம் இருப்பவருக்கு மட்டும் திறக்கிற கதவு இது. இந்த நிபந்தனையைக் குடியிருப்பு மனைகளுக்காவது தளர்த்த வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: நிர்ணய உத்தரவின் நகலையும், உங்கள் மனைக்கான கேட்பு, வசூல், நிலுவைப் பக்கத்தின் நகலையும் கோயில் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் மண்டல இணை ஆணையர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். வழிகாட்டி மதிப்பைப் பதிவுத் துறை இணையதளத்தில் நீங்களே இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். மனையை நீங்களே டேப் பிடித்து அளந்து பாருங்கள். பழைய பதிவேட்டில் கெஜம், குழி என்று இருந்ததைச் சதுர அடிக்கு மாற்றும்போது தப்பு வர நிறைய வாய்ப்பு உண்டு. வழக்கமான வாடகையைக் கட்டுவதை நிறுத்தாதீர்கள். துறையின் இணையதளத்திலேயே கட்டும் வசதி இருக்கிறது, அதில் கட்டினால் ரசீது தொலையாது.

அப்புறம், அந்தத் தாள் வந்த கவரைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். 30 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதற்கு அதன்மேல் இருக்கிற தபால் முத்திரைதான் சாட்சி.